செங்கண்மாய் முக்கில் நிற்பவருக்கு

சாலையின் சால்பறிந்த சான்றோரே! ஓடும் வண்டியின் உள்ளக்கிடக்கையை விழியால் அளந்த வித்தகரே! பதவி உயர்வு பக்கத்து அறைவரை வந்து திரும்பிப் போன போதெல்லாம் பல்லைக் கடிக்காமல் புன்னகை பூத்த பண்பாளரே! பதினாறு ஆண்டுகள் இந்நிலையத்துக்கு உழைத்து, 1978 ஜூன் முப்பதாம் நாளாகிய இன்று, மாலையும் கழுத்துமாக எங்கள் நடுவே அமர்ந்திருக்கும் ஆய்வு அலுவலர் மாயக்கண்ணன் அவர்களே! வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இயக்குநர் முத்துராமன் அவர்கள் பார்த்து, திருத்தி, ஒப்புதல் தந்த பாராட்டு மடல் இதுவன்று. அது கண்ணாடிச் சட்டத்துக்குள் மேசைமேல் இருக்கிறது. பொன்னிற எழுத்து, ஓரமெல்லாம் கொடியும் பூவும். போன ஆண்டு ஓய்வு பெற்ற கணக்கருக்குப் படித்த அதே மடல்தான். பெயரை மாற்றி, ‘கணக்கில் புலி’ என்றிருந்த இடத்தில் ‘கணிப்பில் புலி’ என்று போட்டிருக்கிறோம். அதைத் தாங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். இதைக் கேட்டால் போதும்.

இதைப் படிக்கும்போது தாங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மில் விட்டு ஆட்கள் வீடு திரும்புகிற நேரம். இந்நேரம் தாங்கள் செங்கண்மாய் முக்கில் நிற்க வேண்டியவர். அங்கே ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்று தங்களுக்குத் தெரியும், ஊழியர்களாகிய எங்களுக்கும் தெரியும். மேடையில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் தங்களைச் சற்று நேரம் பிடித்து வைக்கிறோம். பொறுத்தருள்க.

ஒரு வசதிக்காக, இனிமேல் ‘தாங்கள்’ என்பதை விட்டுவிட்டு ‘அவர்’ என்கிறோம். ‘தாங்கள்’ என்றால் ஒவ்வொரு வரிக்கும் கையை ஆட்டி, “அட, அப்படியெல்லாம் இல்லப்பா” என்று எழுந்துவிடுவீர்கள். ‘அவர்’ என்றால் யாரையோ பற்றிய பேச்சென்று சும்மா இருப்பீர்கள்.

அவர் நெடுஞ்சாலைத் துறை வேலையில் நிம்மதியாக இருந்தவர். தலைவர் பொன்னழகு அவர்களின் அண்ணன் கார் விபத்தில் மாண்டு, அன்னார் நினைவாக இந்தச் சாலை ஆய்வு நிலையம் தொடங்கியபோது, இருந்த வேலையை உதறிவிட்டு இங்கே வந்தார். “செத்தவுகள எண்ணுறதுக்குப் போலீஸ் இருக்கு. சாகப்போறவுகள எண்ணுறதுக்குத்தான் ஆள் இல்ல” என்பார். தலைவருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பேச்சுக்காகவே சம்பளத்தில் ஒரு படி கூட்டிக் கொடுத்தார். அவர் வாங்கிய முதல் சலுகையும் அதுதான், கடைசிச் சலுகையும் அதுதான்.

1969 வாக்கில் வெளிநாட்டு இதழ் ஒன்றில் அவர் ஒரு புதிய முறையைப் படித்தார். விபத்து நடக்கட்டும் என்று காத்திருக்காமல், மயிரிழையில் தப்பியவற்றை எண்ணுகிற முறை. ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டாலோ, ஸ்டியரிங்கை ஒடித்தாலோ, அங்கே ஒரு மோதல் நடக்க இருந்து நழுவியது என்று பொருள். எங்கே இப்படி அதிகம் நழுவுகிறதோ அங்கே ஆபத்து அதிகம். அந்நிய தேசத்தில் வண்டிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தே எண்ணிவிடுவார்களாம். நம் பக்கத்து லாரியில் விளக்கு இருந்தால் பல்பு இருக்காது, பல்பு இருந்தால் வயர் இருக்காது. அவர் அசரவில்லை. பிரேக்கை அமுக்கினால் எந்த வண்டியும் மூக்கைத் தாழ்த்தும் அல்லவா? “விளக்கப் பாக்காதீக, மூக்கப் பாருங்க” என்று சொல்லிக் கொடுத்தார்.

எண்ணப் போனவர்கள் மூவர். அவர், அன்று உதவியாளராக இருந்து அவரை “அண்ணே, அண்ணே” என்று சுற்றி வந்த முத்துராமன், அலுவலகப் பியூன் சோணை. போன இடங்களில் ஒன்று, குன்றக்குடி சாலையில் இருக்கிற செங்கண்மாய் முக்கு. கண்மாய்க் கரையிலிருந்து ஒரு வண்டிப்பாதை ஏறி வந்து அங்கே தார்ச்சாலையைத் தொடும். கரை மறைப்பதால், பாதையில் வருகிறவருக்குப் பஸ் தெரியாது. பஸ்காரருக்கு ஆள் தெரியாது. முக்கில் சாலையை ஒட்டி ஒரு பீடம். பீடத்தின்மேல் கருப்பர், பக்கத்தில் நட்ட அரிவாள். அவ்வழியே போகிற எந்த ஓட்டுநரும் அவ்விடத்தில் வண்டியை அமுக்கி, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் போனதில்லை. சில வண்டிகளில் கிளீனர் குதித்து இறங்கித் திருநீற்றை அள்ளி ரேடியேட்டர்மேல் பூசிவிட்டுத் தொற்றிக்கொள்வான்.

வெளியூர்க்காரன் ஒருவன் கூட இருந்திருந்தால், “ஏன் சார் எல்லா வண்டியும் இங்கே தயங்குகிறது?” என்று கேட்டிருப்பான். எண்ண உட்கார்ந்த மூவருமே இந்த மண்ணில் பிறந்தவர்கள். காலையில் வந்ததும் கருப்பரைக் கும்பிட்டுவிட்டுத்தான் எதிர்ப்பக்கத்துப் பாலத்தில் உட்கார்ந்தார்கள். கும்பிடுவது அவர்களுக்கு மூச்சு விடுவது போல. மூச்சை யார் எண்ணுவார்? வண்டி மூக்கைத் தாழ்த்தியது, ஒரு மோதல் நழுவியது என்று குறித்தார்கள். யாருக்காகத் தாழ்த்தியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முடிவு வந்தது. இந்த வட்டாரத்திலேயே மிக ஆபத்தான இடம் செங்கண்மாய் முக்கு! அதுவரை அங்கே ஒருவரும் செத்ததில்லையே என்று யாரோ கேட்டதற்கு, இனிமேல் சாகப்போகிறவர்களைக் காப்பாற்றும் அறிவியல் இது என்று பதில் சொல்லப்பட்டது. முக்கை அகலப்படுத்துக, கருப்பரைக் கரைக்கு அப்பால் உள்ளே தள்ளி வைக்க என்று பரிந்துரை. தலைவர் தாராளமாகச் செய்தார். பனங்காட்டுக்குள் புதுக் கோயில், சுற்றுச்சுவர், குடமுழுக்கு, ஊருக்கெல்லாம் சாப்பாடு. மறுபடி போய் எண்ணினார்கள். ஒரு வண்டியும் மூக்கைத் தாழ்த்தவில்லை. மோதல் வாய்ப்பு அடியோடு ஒழிந்தது என்று முத்துராமன் டெல்லி மாநாட்டில் கட்டுரை படித்து வெள்ளித் தட்டோடு திரும்பி வந்தார். இந்த மேடைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருப்பது அந்தத் தட்டுதான். ஊழியர்கள் வாரந்தோறும் அதற்குப் பாலிஷ் போடுகிறோம்.

அந்த ஆண்டு ஐப்பசியில் சோணை செத்தான். வேலைக்கு வருகிற வழியில், கண்மாய்ப் பாதையிலிருந்து சைக்கிளில் ஏறி முக்குக்கு வந்தான். பஸ் அமுக்கவில்லை.

அவர் காரியத்துக்குப் போனார். அதுவரை நிலையத்து ஜீப்பில் முக்கு வழியே போய் வந்தவர், அன்று பஸ்ஸில் போனார். செங்கண்மாய் வளைவு வந்ததும் பழக்கத்தில் அவருடைய கை எழுந்தது. பக்கத்தில் இருந்தவர் கையும் எழுந்தது. இரண்டு கைகளும் நெஞ்சுவரை வந்து, கும்பிட ஒன்றுமில்லாமல் நின்றன. பஸ் தயங்காமல் பறந்தது. உடம்பு முன்னால் சாயவில்லை. அந்த இடத்தில் எப்போதும் சாயுமே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மற்றவர்களுக்குச் சாமியாக இருந்தது, கண்மாய்ப் பாதைக்காரர்களுக்குப் பிரேக்காக இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிரேக் போடுவோர் இல்லை என்று பரிசும் வாங்கியாயிற்று.

சோணை வீட்டு வாசலில் நின்றபடியே அவர் அதைச் சோணையின் மனைவி ராக்காயியிடம் சொல்லிவிட்டார்.

“தப்பு என்னோடதுதான் ராக்காயி. அங்க வண்டிகள நிப்பாட்டுனது கருப்பரு. அவர நகட்டுனது நான்.”

ராக்காயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க ஒத்தையிலயா எண்ணுனீக? அவரும்தான பக்கத்துல ஒக்காந்து எண்ணுனாரு! ‘அந்த முக்குல அமுக்காத வண்டியே கெடையாது புள்ள, நான் கண்ணால பாத்து எண்ணிருக்கேன்’னு பெருமையடிப்பாரு. அந்த நெனப்புலயே இங்குட்டு அங்குட்டுத் திரும்பாம ஏறிருக்காரு.” பிறகு சொன்னாள்: “இத எங்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப்போகுது? சொல்ல வேண்டிய எடத்துல போயிச் சொல்லுங்க.”

சொல்ல வேண்டிய இடத்துக்கு அவர் போனார். தலைவரும் முத்துராமனும் இருந்தார்கள்.

“அறிக்கையத் திரும்ப வாங்கணும்ங்க. அதப் பாத்துட்டு மத்த ஊர்கள்லயும் ரோட்டோரச் சாமிய உள்ள தள்ளக் கெளம்பிட்டாக. நகலு கேட்டுக் கடுதாசி வந்துக்கிட்டே இருக்கு.”

“வெள்ளித் தட்டு?” என்றார் தலைவர்.

“திருப்பி அனுப்பிரலாம்ங்க.”

“எங்கண்ணன் பேருல இருக்கிற எடம்யா இது. அவுக பேருக்குக் கீழ ‘தப்பா எண்ணிப்புட்டோம்’னு போடச் சொல்றீகளா? செத்தவுகள இன்னொரு தடவ சாகடிக்கச் சொல்றீகளா?” தலைவர் நடிக்கவில்லை. அண்ணன்மேல் அவருக்கு அவ்வளவு பாசம். சோணைக்கு அப்படி ஒரு தம்பி இல்லை.

முத்துராமன் சமாதானம் சொன்னார்: “அண்ணே, ஒரு சாவ வச்சு முடிவு கட்ட முடியுமா? எண்ணிக்கை பத்தாதுண்ணே.”

“எத்தன பேரு செத்தாப் பத்தும், முத்து?”

அன்றோடு ‘அண்ணே’ போயிற்று. மறுநாள் முதல் ‘மிஸ்டர் மாயக்கண்ணன்’. அந்த மாத முடிவில் முத்துராமன் இயக்குநர் ஆனார். மிஸ்டர் மாயக்கண்ணன் பின்கட்டில் தார் காய்ச்சிப் பார்க்கிற அறைக்கு மாற்றப்பட்டார். சோணையின் வேலை ராக்காயிக்குக் கருணையோடு தரப்பட்டது, பெருக்குகிற வேலையாக.

அவர் சும்மா இருக்கவில்லை. நகல் வாங்கிய ஊர்களுக்கெல்லாம் தம் கைக்காசில் இன்லண்டு கடிதத்தாள் வாங்கி எழுதினார்: ‘எங்கள் முடிவு பிழை. சாமியைத் தொடாதீர்கள்.’ ஒரே ஓர் ஊரிலிருந்து பதில் வந்தது: ‘ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. தங்கள் நிலையத்துக்கு நன்றி.’ நிலையத்தின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக அவருக்கு மெமோ கொடுக்கப்பட்டது.

சரி, கருப்பரையாவது திரும்பக் கொண்டுவந்து வைப்போம் என்று பனங்காட்டுக் கோயிலுக்குப் போனார். பூசாரி பூமிநாதன் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். அடுத்து எங்குட்டு வைக்கலாம்னு வந்தீகளா?”

“பழைய எடத்துக்கே வந்துறணும்ங்க. ஊருக்கு நல்லது.”

“மொதல்லயும் ஊருக்கு நல்லதுன்னுதான சொன்னீக? ஒங்க பேச்சக் கேட்டு நகந்தாரு. குடமுழுக்கும் ஆகிப்போச்சு. இப்ப மறுபடி எந்திரிங்கிறீகளே, அவரு என்ன ஒங்க ஆபீசு பியூனா?”

அவர் வந்த வழியே திரும்பினார். பியூன் என்ற சொல்லைப் பூசாரி வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் தைத்தது.

எச்சரிக்கைப் பலகை வைத்துப் பார்த்தார். அதன்மேல் சினிமா போஸ்டர் ஒட்டினார்கள். போலீஸ் கேட்டார், ஆளில்லை என்றார்கள். கடைசியில் ஒருநாள் காலை, ஆட்கள் மில்லுக்குப் போகிற நேரத்தில், காலியாகக் கிடந்த கருப்பர் பீடத்தில் அவரே ஏறி நின்றார். வளைவில் திரும்பிய பஸ் மூக்கைத் தாழ்த்தியது. ஓட்டுநர் முத்துவீரன் தலையை வெளியே நீட்டினார்.

“என்ன சார், கருப்பர் எடத்துல நிக்கிறீக! அருவா எங்க?”

“அருவா வேணாம்ப்பா. நீ அமுக்குனாப் போதும்.”

அன்றிலிருந்து காலையும் மாலையும் அங்கே நின்றார். அலுவலகத்துக்கு ஒருநாளும் பிந்தி வந்ததில்லை, முந்திப் போனதில்லை. முதலில் சிரித்தார்கள். பிறகு கிளீனர் பையன்கள், “கிழட்டுக் கருப்பரு நிக்கிறாரு, அமுக்குண்ணே!” என்று கூவப் பழகினார்கள். அவர் கவலைப்படவில்லை. கூவினால் வண்டி அமுங்குகிறதல்லவா? அவர் நின்ற வேளைகளில் அந்த முக்கில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை.

இயக்குநர் அறையிலிருந்து அடுத்த மெமோ வந்தது. ஆய்வு அலுவலர் நடுச்சாலையில் பொம்மை போல் நிற்பது பதவியின் மாண்புக்கு இழுக்காம். சென்னையில் இருக்கிற நிலைய அறங்காவலர்களிடம் போய் விளக்கம் தரவேண்டுமாம். போனார். அறங்காவலர்கள் அவரைப் பகல் முழுக்க வெளியே உட்கார வைத்து, சாயங்காலம் உள்ளே கூப்பிட்டு, இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று காலை பால்காரி பொன்னுத்தாயி, கண்மாய்ப் பாதையிலிருந்து தூக்குவாளியோடு முக்கில் ஏறினாள். வளைந்து வந்த லாரி மூக்கைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தச் சொல்ல அங்கே ஆளில்லை.

ஊர் திரும்பியவருக்கு ஸ்டேஷனிலேயே சேதி சொன்னார்கள். வீட்டுக்குப் போகவில்லை. கையில் இருந்த பெட்டியோடு நேரே போய்ப் பீடத்தில் நின்றார். அதன்பிறகு அவர் லீவே எடுத்ததில்லை. மகளுக்குத் தாலி ஏறியதும் பந்தியில் உட்காராமல் பட்டு வேட்டியோடு முக்குக்கு ஓடினார். சம்பந்தி வீட்டார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். காய்ச்சல் வந்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். மற்றவர்கள் அவரைப் பைத்தியம் என்றபோது அவர் சொன்னதை எங்களில் பலர் கேட்டிருக்கிறோம்: “கருப்பரு லீவு போட்டுப் பாத்திருக்கீகளா?”

இனி மறுபடி ‘தாங்கள்’.

பெரியோரே! தங்கள் பெயரால் ஒரு பரிசும் இல்லை, பட்டமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. தங்கள் பிழையின் பெயரால் வெள்ளித் தட்டு இருக்கிறது. பிழையைப் பிழை என்று தாங்கள் சொன்னதற்குத் தார் அறை இருக்கிறது. பிழையைச் சரி என்று சொன்னவருக்கு இயக்குநர் அறை இருக்கிறது. இந்த நிலையம் இத்தனை ஆண்டுகளில் சாலைப் பாதுகாப்புக்கென்று செய்த ஒரே காரியம், தாங்கள் அலுவலக நேரத்துக்கு வெளியே, நிலையத்தின் தடையை மீறிச் செய்தது. இதைச் சபையில் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் தங்களை வழியனுப்ப அதைவிட வெட்கமாக இருக்கிறது.

தலைவர் அவர்கள் தங்களுக்குச் சாய்வு நாற்காலி ஒன்று பரிசளித்திருக்கிறார்கள். ஓய்வாகக் கால் நீட்டி அமர்க என்று அன்போடு சொன்னார்கள். அது எங்கே போய்ச் சேரும் என்று எங்களுக்குத் தெரியும். பீடத்தின்மேல் சாய்வு நாற்காலி நிற்காது ஐயா, வழுக்கிவிடும். முயற்சி செய்ய வேண்டாம்.

ஊழியர்கள் நாங்களும் ஒரு பரிசு வாங்கினோம். பெரிய குடை ஒன்று. அதன் கறுப்புத் துணியைக் கழற்றிவிட்டு, தையற்கடையில் கொடுத்துச் சிவப்புத் துணி போட்டிருக்கிறோம். குன்றக்குடியிலிருந்து வருகிற வண்டிக்கு வளைவுக்கு முன்பே கண்ணில் படும். மேசைமேல் காணோமே என்று தேடாதீர்கள். அது இங்கே இல்லை.

இத்தகைய மடல்களை நூறாண்டு வாழ்க என்று முடிப்பது மரபு. எங்களுக்கு அதைச் சொல்ல நா எழவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறும் தாங்கள் நூறாண்டு வாழ்ந்தால், இன்னும் நாற்பத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பீடத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே எங்கள் வாழ்த்தை இப்படி மாற்றிக்கொள்கிறோம். அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிற துணிவு மேடையில் இருப்பவர்களுக்கு வருவதாக! அந்த முக்குக்கு ஒரு நல்ல வழி பிறப்பதாக! தாங்கள் உட்காருகிற நாள் விரைவில் வருவதாக! உட்கார்ந்த பிறகு, அந்தச் சாய்வு நாற்காலியின் துணி நைந்து கிழியும்வரை, மறுதுணி போட்டு அதுவும் கிழியும்வரை, நோயின்றி நெடிது வாழ்க!

கடிகாரத்தைப் பார்த்தது போதும் ஐயா. விருந்தைச் சாப்பிட்டுவிட்டு மெதுவாகவே புறப்படலாம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத
சாலை ஆய்வு நிலைய ஊழியர்கள் அனைவரும்,
ராக்காயி ஒருத்தி நீங்கலாக. இந்த விழாவுக்கு அவள் வரவில்லை. சிவப்புக் குடையோடு செங்கண்மாய் முக்கில் நிற்கிறாள்.